காகிதம் பிடிக்கும் இடம்

ஜனவரி 11

அன்புள்ள சின்னச் சகலைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் என் கொழுந்தியாளும் நலம் என்பதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அக்காவும் தங்கையும் தினமும் போனில் பேசுகிற பேச்சில், உங்கள் வீட்டில் யார் எத்தனை முறை தும்மினார்கள் என்பதுகூட என் காதில் விழுந்துவிடுகிறது. அதற்குப் பயந்துதான் கடிதம் எழுதுகிறேன். உங்களிடம் போனில் ஒரு வார்த்தை சொன்னால் அது சாயங்காலத்துக்குள் என் வீட்டுச் சமையலறைக்கு வந்து நிற்கும். இதைத் தொழிற்சாலை முகவரிக்கு அனுப்புகிறேன். நீங்களும் என் கடைக்கே எழுதுங்கள்.

ஒரு சி.என்.சி. மெஷின் வாங்கிவிட்டேன். உங்கள் தொழிற்சாலையில் இருப்பதைப்போல யானை அளவெல்லாம் இல்லை. மேஜைமேல் வைக்கிற பொழுதுபோக்கு ரகம். கம்ப்யூட்டர் சொன்ன வழியில் கட்டர் தானாக நகர்ந்து வெட்டும், நாம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள். கடையின் பின்னறையில் திரை போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் அண்ணிக்குத் தெரியாது.

மரத்தை நன்றாகத்தான் வெட்டியது. அந்தத் தெம்பில் நேற்று அலுமினியத்தை வைத்தேன். சகலை, அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவேன். பக்கத்துத் தையல் கடைக்காரம்மா கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்து, "யாரைப் போட்டு அடிக்கிறீங்க?" என்று கேட்டாள். கட்டர்மேல் அலுமினியம் உருகி அப்பிக்கொண்டது, அப்புறம் பட்டென்று உடைந்து என் காதோரமாகப் பறந்தது. 

கதவு செய்கிற கம்பெனி ஒன்று, பூட்டு உட்காருவதற்கு அலுமினிய அடித்தட்டு கேட்கிறது. தட்டில் பூட்டு உட்காரும் குழி மூன்று மில்லி ஆழம் இருக்க வேண்டும். கூடினால் பூட்டு உள்ளே போய் நாக்கு சிக்கும். ஆகஸ்டுக்குள் மூன்று மாதிரித் தட்டுகள் அளவு பிசகாமல் கொடுத்துவிட்டால், வருஷம் முழுக்க வேலை தருவார்கள்.

நான் பூட்டு வேலையை விட்டுவிடப் போகிறேன். இனிமேல் இந்த மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட வேண்டும். இது கைகொடுக்கவில்லை என்றால் எனக்கு வேறு வழி கிடையாது. அளவு பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர் நீங்கள், கொஞ்சம் வழி சொல்லுங்கள். வீட்டில் மூச்சுவிட வேண்டாம்.

உங்கள் பதிலுக்காகக் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
பெரிய சகலை


ஜனவரி 20

அன்புள்ள பெரிய சகலைக்கு,

நலம். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தேன். அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. பூட்டு வேலையை விடுவதாவது? எனக்குக் கல்யாணமான மறுநாள் பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றேனே, நினைவிருக்கிறதா? நீங்கள் ஒரு கம்பியை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு திறந்தீர்கள். "கண்ணைத் திறந்து வச்சிருந்தா விரலுக்குக் கவனம் வராது" என்று வேறு சொன்னீர்கள். அப்படிப்பட்ட ஆள் எதற்காகத் தொழிலை விட வேண்டும்? எனக்கு விளங்கவே இல்லை. காரணத்தை எழுதுங்கள்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். அலுமினியம் மரம் இல்லை. மெதுவாகத் தேய்த்தால் சூடாகி ஒட்டிக்கொள்ளும். ஒற்றை வெட்டுவாய் உள்ள கட்டர் வாங்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வேகமாக நகர்த்துங்கள். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள், வெட்டின பிசிறைக் காற்றடித்து விரட்டிக்கொண்டே இருங்கள். மெஷினின் சட்டத்தை மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அது சதுரமே இல்லை. கட்டரைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க என் பழைய டயல் கேஜை அனுப்புகிறேன்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். தட்டின் மேல்பரப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். தட்டின்மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே, கட்டரை மயிரிழை மயிரிழையாக இறக்குங்கள். காகிதம் லேசாகப் பிடிக்கும். அந்த இடம்தான் ஜீரோ, காகிதத்தின் கனத்தை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். ஆழமெல்லாம் அங்கிருந்துதான் கணக்கு. வெட்டின தட்டை எனக்கு அனுப்புங்கள், அளந்து சொல்கிறேன்.

இன்னும் திகைப்பு தீராத,
சின்னச் சகலை


பிப்ரவரி 14

அன்புள்ள சின்னச் சகலைக்கு,

நலம். உங்கள் அண்ணியின் முழங்கால் தேவலை. கொழுந்தியாளுக்குப் பல் பிடுங்கினார்களாமே, எல்லாம் காதில் விழுந்தது.

மூலைக்கு மூலை அளந்தேன். நான்கு மில்லி வித்தியாசம். இரண்டு முறை அளந்து, பிறகு தையல் கடைக்காரம்மாவின் டேப்பை வாங்கி மூன்றாம் முறையும் அளந்தேன். புது மெஷின் பிறவியிலேயே கோணல். தலையில் அடித்துக்கொண்டு எல்லாத் திருகுகளையும் தளர்த்தி, சட்டத்தைத் தட்டித் தட்டி நேராக்கினேன். உங்கள் டயல் கேஜை வைத்து ஸ்பிண்டிலையும் நிமிர்த்தினேன். இப்போது வெட்டினால் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. சத்தமும் போய்விட்டது. தையல் கடைக்காரம்மாவே எட்டிப் பார்த்து, "என்ன, இன்னைக்கு அடிதடி ஒண்ணும் இல்லையா?" என்றாள்.

இரண்டு தட்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீளம் அகலம் எல்லாம் கச்சிதம். குழியின் ஆழம்தான் எனக்குச் சந்தேகம், நீங்கள் அளந்து சொல்லுங்கள்.

கடிதத்தில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தால் மன்னியுங்கள். ஒரு கையில் கட்டுப் போட்டிருப்பதால் எழுத்தும் கோணல். சூடான பிசிறு எப்போதோ விழுந்து கொப்புளம் போட்டிருக்கிறது. எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை, வேலை மும்முரம்.

காரணம் கேட்டிருந்தீர்கள். எத்தனை காலம்தான் ஊரார் பூட்டையே நோண்டிக்கொண்டிருப்பது? அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை.

அளவுக்குக் காத்திருக்கும்,
பெரிய சகலை


மார்ச் 3

அன்புள்ள பெரிய சகலைக்கு,

நலம். கைக்கொப்புளத்துக்கு மருந்து போட்டீர்களா?

தட்டுகளை அளந்தேன். பார்த்ததும் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். ஒன்றின் குழி 3.12, இன்னொன்று 3.31. ஒரே நாளில், ஒரே மெஷினில், ஒரே கட்டரில் வெட்டிய இரண்டு தட்டு இப்படியா? நீளம் அகலத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, எங்கள் தொழிற்சாலை மெஷின்கூடச் சில நாள் இப்படி வெட்டாது. ஆழத்தில் மட்டும் கண்ட மாதிரி இருக்கிறது. கதவுக் கம்பெனிக்காரர் ஒரு முடி கனத்துக்குமேல் விடமாட்டார், நீங்களோ நான்கு முடி தாண்டிவிட்டீர்கள்.

மேலும் கீழும் நகர்த்துகிற திருகு லொடலொடக்கிறதா பாருங்கள். கட்டரைப் பிடிக்கிற பிடி வழுக்கி, வெட்டும்போது கட்டர் கீழே இறங்குகிறதா பாருங்கள். தட்டை இறுக்கும்போது நடுவில் தூக்கிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி.

"ஊரார் பூட்டு" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அது போதாது.

சின்னச் சகலை


ஏப்ரல் 5

அன்புள்ள சின்னச் சகலைக்கு,

நலம். உங்கள் அண்ணிக்கு இப்போது என்மேல் ஒரு கண். "கடையிலேர்ந்து வந்தா ஏன் மண்ணெண்ணெய் நாத்தம்?" என்று கேட்டாள். துருப்பிடித்த பூட்டு என்று சொல்லித் தப்பித்தேன்.

நீங்கள் சொன்ன மூன்றையும் பார்த்தேன். திருகை மாற்றினேன். பிடியை மாற்றினேன். அடியில் புதுப் பலகை போட்டு அதை மெஷினாலேயே சமமாகச் சீவினேன். மூன்று தட்டு வெட்டி, நானே வெர்னியரில் அளந்தேன். 3.18, 3.40, 3.09. 

இந்தக் காகித வேலைதான் எனக்குப் பிடிபடவில்லை. லேசாகப் பிடிக்கும் என்கிறீர்கள். பிடிக்கவே மாட்டேன் என்கிறது, பிடித்தால் கிழிந்துவிடுகிறது. இரண்டு கட்டர் முனை உடைந்தது. காகிதத்தில் ஏதாவது நல்ல ரகம் இருந்தால் எழுதுங்கள்.

கதவுக் கம்பெனிக்காரர் நேற்று கடைக்கே வந்துவிட்டார். "ஆகுமா ஆகாதான்னு சொல்லுங்க, வேற ஆள் இருக்காங்க" என்றார். ஆகும் என்றேன். எந்த வாயால் சொன்னேன் என்று தெரியவில்லை. சகலை, எனக்குப் பயமாக இருக்கிறது. பூட்டு வேலைக்கு வருகிறவர்களை இப்போதெல்லாம் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ஏன் என்று மறுபடி கேட்காதீர்கள். கண் சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சகலை


ஏப்ரல் 16

அன்புள்ள பெரிய சகலைக்கு,

நலம். கண் சரியில்லையா? கண்ணை மூடிக்கொண்டு பூட்டுத் திறக்கிறவருக்குக் கண் எதற்கு? என்னிடமே கதை விடுகிறீர்கள், நல்லாத்தான் இருக்கிறது.

3.40 என்று படித்ததும் கடிதத்தை மடித்துவிட்டு வெளியே போய் நின்றேன். இந்த மெஷினைத் தூக்கிக் கடாசுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது.

எங்கள் அளவு அறையில் ஒரு வழக்கம் உண்டு. எண் ஒத்துவரவில்லை என்றால் கருவியை மாற்றுவதற்கு முன்னால் ஆளை மாற்றுவோம். அதே இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்து அளப்பார். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். நீங்களும் அதைச் செய்யுங்கள். ஜீரோ எடுக்கிற வேலையை மட்டும் வேறு யாரிடமாவது கொடுங்கள். நீங்கள் காகிதத்தைத் தொடவே கூடாது. அப்போதும் ஆழம் கண்ட மாதிரி வந்தால், பழி மெஷின்மேல்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, பேசாமல் பூட்டுக்குத் திரும்புங்கள். எனக்கென்னவோ அதுதான் நல்லது என்று படுகிறது.

காகிதத்தில் நல்ல ரகம் கெட்ட ரகம் எதுவும் இல்லை. எந்தக் காகிதமும் பிடிக்கும்.

சின்னச் சகலை


மே 4

அன்புள்ள சின்னச் சகலைக்கு,

எல்லோரும் நலம்.

நீங்கள் சொன்னபடி தையல் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிட்டே வரவே பயந்தாள். "பொத்தானை நான் அமுக்குறேன், நீங்க காகிதத்தை மட்டும் ஆட்டிக்கிட்டே இருங்க, பிடிச்சா சொல்லுங்க" என்றேன். பில் கிழிக்கிற காகிதத்தில் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன். அவள் இரண்டு விரலால் அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, அவள் மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவிலேயே, "ஆங், பிடிச்சிருச்சு" என்றாள்.

எனக்கு நம்பிக்கையில்லை. காகிதம் நன்றாக நகர்கிற மாதிரிதான் தெரிந்தது. இருந்தாலும் வெட்டினேன். அளந்தேன்.

3.00.

இன்னொன்று வெட்டலாம் என்றேன். அவளே ஜீரோ எடுத்தாள். 3.01. மூன்றாவது, 2.99. "அவ்வளவுதானா? பாவாடை ஒண்ணு பாதியில நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாள் முழுக்க எதுவும் ஓடவில்லை. மறுநாள் காலையில் வந்து, அதே காகிதம், அதே தட்டு, அதே கட்டர், நானே ஜீரோ எடுத்தேன். 3.27. இன்னும் இரண்டு வெட்டினேன். 3.15, 3.36.

ஆறு தட்டுகளும் இத்துடன் இருக்கின்றன. அவள் எடுத்தது மூன்று, நான் எடுத்தது மூன்று. எது யாருடையது என்று எழுதவில்லை, அளந்தாலே தெரிந்துவிடும்.

பெரிய சகலை


மே 13

அன்புள்ள பெரிய சகலைக்கு,

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஆறு தட்டையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அளவு அறைப் பையன்கள் ஏதோ துக்கச் செய்தி என்றே நினைத்துவிட்டார்கள்.

உங்கள் தட்டுகளின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கட்டர் முனை அழுந்திய ஒரு சின்னப் பள்ளம். காகிதத்தைத் துளைத்துத் தட்டுக்குள் இறங்கும் வரை நீங்கள் நிறுத்தவில்லை. பிப்ரவரியிலிருந்து நீங்கள் வெட்டிய தட்டுகளின் எண்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே ஆழம் கூடுதல். ஒன்றுகூடக் குறைவு இல்லை. திருகு லொடலொடத்தால் ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது என்றால் அது மெஷினின் தப்பு இல்லை. இது தெரிய எனக்கு நான்கு மாசம் ஆகியிருக்கிறது. என்மேல் எனக்கே ஆத்திரமாக இருக்கிறது.

கொப்புளம் எப்போது வந்தது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் படித்துவிட்டு மருந்து போட்டீர்களா என்று கேட்டேன்.

நேராகவே கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் விரல் நுனி எப்படி இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு, அண்ணியிடம் ஒரு முடியை உங்கள் விரல்மேல் வைக்கச் சொல்லுங்கள். வைத்ததும் தெரிகிறதா? அதற்காகத்தான் பூட்டு வேலையை விட்டீர்களா?

டாக்டரிடம் போங்கள். மெஷின் கிடக்கட்டும். உடனே பதில் எழுதுங்கள்.

உங்கள் சகலை


ஜூலை 2

அன்புள்ள சின்னச் சகலைக்கு,

நலம். நீங்கள் நலமா? கொழுந்தியாள் நலமா? உங்கள் அம்மாவுக்கு இருமல் நின்றதா? மாடியில் ஒழுகுகிறது என்று சொன்னார்களே, ஆள் வந்து பார்த்தாரா? புது மேலாளர் எப்படி இருக்கிறார்?

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும், வேலை அதிகம்.

விரலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விரல் நன்றாகத்தான் இருக்கிறது.

பெரிய சகலை


ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அண்ணி எழுதுகிறேன். தங்கச்சியிடம் போனில் சொன்னால் அவள் அழுவாள், அவள் அழுதால் நானும் அழுவேன், ஒன்றையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. இவர் சட்டைப்பையில் உங்கள் கடிதம் இருந்தது. அதில் இருந்த முகவரிக்கு எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "சாப்பாடு எடுத்து வை" என்றார். நான் தட்டோடு வந்தேன். வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் தரையில் சிவப்பாக அடி அடியாகப் பதிந்திருந்தது. நான் கத்திவிட்டேன். தட்டு கீழே விழுந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டார் தம்பி. எனக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார்.

காலைத் தூக்கிப் பார்த்தேன். சுண்டு விரலுக்குக் கீழே, விரல் நீளத்துக்கு அலுமினியச் சுருள் ஒன்று உள்ளே போயிருந்தது. சுற்றிலும் கறுத்துப்போயிருந்தது. அன்றைக்குக் குத்தினது இல்லை, நான்கைந்து நாள் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான்கைந்து நாளாக அதன்மேலேயே நடந்திருக்கிறார். என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார்.

சர்க்கரையாம். பல வருஷமாக இருந்திருக்கிறதாம். நரம்பெல்லாம் செத்துப்போயிருக்கிறதாம். காலில் ஆரம்பித்துக் கைக்கு வந்திருக்கிறது. விரலில் ஊசியால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டார்கள். இவர் தெரிகிறது தெரிகிறது என்று தலையாட்டினார். "இப்ப நான் குத்தவே இல்லையே" என்றார் டாக்டர். 

சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பும் என்கிறார்கள்.

மெஷின் என்கிறார், கடையை மூடுகிறேன் என்கிறார், உங்களுக்கு எல்லாம் தெரியும் என்கிறார். எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது தம்பி. அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். இப்போது இவர் வாயைத் திறந்து பேச வேண்டும். நீங்கள் எழுதினால் பேசுவார்.

அண்ணி


ஜூலை 25

அன்புள்ள பெரிய சகலைக்கு,

அண்ணியின் கடிதம் வந்தது. நான் அளவு அறையில் நின்றுகொண்டே படித்தேன். அப்புறம் என்ன செய்தேன் என்று நினைவில்லை. வீட்டில் சொன்னேன். உங்கள் கொழுந்தியாள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, நியாயம்தான்.

இத்துடன் ஒரு சின்னப் பித்தளைத் துண்டும் இரண்டு கம்பிகளும் இருக்கின்றன. என் கையால் செய்தது. துண்டைத் தட்டின்மேல் வையுங்கள், ஒரு கம்பியைத் துண்டிலும் இன்னொன்றைக் கட்டரிலும் மாட்டி, இரண்டின் மறுமுனையையும் மெஷினில் செருகுங்கள். கட்டர் இறங்கி வந்து பித்தளையைத் தொட்டதும் மின்சாரம் ஓடும், மெஷின் தானாக நின்று ஜீரோ எடுத்துக்கொள்ளும். துண்டின் கனத்தை அளந்து அதன்மேலேயே பொறித்திருக்கிறேன். காகிதமும் வேண்டாம், விரலும் வேண்டாம். இதை ஜனவரியிலேயே செய்து அனுப்பியிருக்கலாம். பழைய ஆட்கள் எல்லோரும் காகிதத்தில்தான் எடுப்பார்கள், எனக்கும் கை அப்படியே பழகிவிட்டது. விரல் எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

கடைக்குள் செருப்பில்லாமல் கால் வைக்காதீர்கள். லீவு கிடைத்ததும் இருவரும் வருகிறோம். அதற்குள் எனக்கு இல்லாவிட்டாலும் அண்ணிக்காவது உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் சகலை


ஆகஸ்ட் 22

அன்புள்ள சின்னச் சகலைக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. இந்தமுறை உள்ளதை எழுதுகிறேன். கால் ஆறி வருகிறது. மருந்து சாப்பிடுகிறேன். காலில் இனி உணர்ச்சி வராது. கைக்கும் பழையபடி வருவது கஷ்டம், மேலே போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். பூட்டுக்குள் கம்பியை விட்டால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஊசியும் எழுந்து நிற்பது விரலில் தெரியும். அதுதான் என் தொழில். அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. குளிர் என்று நினைத்தேன், வயசு என்று நினைத்தேன். போன வருஷம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். கதவை உள்ளே பூட்டிக்கொண்ட பெரியவர் மயங்கி விழுந்திருந்தார், வெளியே அவர் மகள் அழுதுகொண்டு நின்றாள். சாதாரணப் பூட்டு, மூச்சுவிடுகிற நேரத்தில் திறக்கிற பூட்டு. கம்பியை விட்டேன், உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கண்ணை மூடினேன், அப்போதும் ஒன்றுமில்லை. கடைசியில் கதவை உடைத்தார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார். அந்த மகள் என்னைத் திட்டக்கூட இல்லை. நான் வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

கையே வேண்டாத வேலையாகப் பார்த்துத்தான் மெஷினை வாங்கினேன். அதுவும் எடுத்த எடுப்பில் விரலைத்தான் கேட்டது. உங்கள் முதல் கடிதத்தில் காகிதம் பிடிக்கும் என்று படித்தபோதே இது என்னால் ஆகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன், திருகு, பிடி, பலகை. மாற்ற முடியாத ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் அண்ணியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்கத் திட்டினாள். மறுநாள் கடைக்கு வந்து திரையை விலக்கி மெஷினைப் பார்த்தாள். "இதுக்குத்தானா அத்தனை மண்ணெண்ணெய்?" என்றாள். அன்றைக்கே பின்னறையைப் பெருக்கி, எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்தாள். உங்கள் பித்தளைத் துண்டை வைத்து மூன்று தட்டு வெட்டினேன். மூன்றும் சரியாக வந்தன. கதவுக் கம்பெனிக்காரர் அளந்து பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை, வேலையைக் கொடுத்துவிட்டார். சோற்றுக்குப் பயமில்லை சகலை. இந்த ஒரு வரிக்காகத்தான் ஜனவரியிலிருந்து தவித்தேன், இப்போது எழுதும்போது ஏனோ பெரிய சந்தோஷம் வரவில்லை.

நேற்று காலுக்குக் கட்டு மாற்றப் போயிருந்தோம். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரே கூட்டம். பக்கத்தில் உங்கள் அண்ணி. நான் சுவரில் இருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை எங்களையே பார்த்துச் சிரித்தது. ஏன் சிரிக்கிறது என்று குனிந்து பார்த்தேன். உங்கள் அண்ணி என் விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் என் கையைப் பிடித்ததே இல்லை. எப்போது பிடித்தாள், எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறாள், எனக்குத் தெரியாது.

உங்கள்,
பெரிய சகலை